ஏழாம் நம்பர் பவளம்

சிரில் ஹலாம்காவின் அழைப்பு வந்தபோது லுத்மிலா ஷெபெஸ்தோவா, ஒலோமோத்ஸ் நகரக் குடிநீர் ஆய்வகத்தில், அன்று காலை வந்து சேர்ந்த பதினான்கு குப்பிகளில் ஒன்பதாவதற்கு நைட்ரேட் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அவள் கைபேசியை எடுக்கிறவள் அல்ல. ஆனால் சிரிலும் அந்த நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. டிராம் ஓட்டுகிறவருக்கு அப்போது இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கும். அதனாலேயே அவள் எடுத்தாள்.

"லேபம்மா, உக்காந்திருக்கியா?"

"நின்னுக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க."

"அப்ப நின்னுக்கிட்டே கேளு. என் மீன்தொட்டி போச்சு. நாங்க ஊருக்கு வெளிய இருக்கற குடிலுக்குப் போயிருந்தோம், மூணு நாளு. ஹீட்டர் நிக்காம ஓடியிருக்கு. திரும்பி வந்து மூடியத் திறந்தா சூப்பு வாசனை. பவளம் ஒண்ணுகூட மிஞ்சல."

"மீனெல்லாம்?"

"அத ஏன் கேக்கற."

அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

"ஏழாம் நம்பர்?"

"அதுவும்தான். நல்லவேளை, உன்கிட்ட இருக்கு. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். எனக்குச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிளை போதும், அதுக்கு மேல கேக்கமாட்டேன். எப்படி இருக்கு அது?"

"நல்லா இருக்கு" என்றாள் லுத்மிலா.

மறுமுனையில் எங்கோ ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு கடந்தது.

"சரி. கசகசா கேக் பண்ணி வை" என்று சொல்லிவிட்டுச் சிரில் வைத்துவிட்டார்.

பத்தாவது குப்பியின் அளவை அவள் ஒன்பதாவதற்கு எதிரே எழுதினாள். இருபத்தாறு ஆண்டுகளில் இப்படி நேர்ந்ததில்லை. அடித்துவிட்டுத் திருத்தி எழுதியபோது, தான் சற்றுமுன் சொன்ன சொல்லையும் அப்படியே அடித்துத் திருத்திவிடலாமே என்று தோன்றியது. கைபேசி கையிலேயே இருந்தது. அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுப் பதினோராவது குப்பியை எடுத்தாள்.

ஏழாம் நம்பர் என்பது உப்புநீர்த் தொட்டியில் உயிரோடு வளரும் ஒரு பவளத்தின் பெயர். எட்டு ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் ஒருவர் தன் தொட்டியைக் கலைத்தபோது சிரில் வாங்கி வந்தது. புல்பச்சைத் தண்டும், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தீக்குச்சி மருந்தைத் தொட்டு வைத்ததுபோன்ற சிவப்புமாக இருக்கும். அப்போது அவர் ஏழாம் நம்பர் டிராம் ஓட்டிக்கொண்டிருந்ததால் மீன்தொட்டிச் சங்கத்துக்காரர்கள் அந்த எண்ணையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஊரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் முப்பதுபேர், மாதத்தின் முதல் வியாழக்கிழமை ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். அவர்களுக்குள் எழுதப்படாத முறை ஒன்று உண்டு. அரிய பவளத்தின் கிளையை உறுப்பினருக்கு யாரும் விற்பதில்லை, கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் அதற்குப் பிறகு, கொடுத்தவரின் பாதுகாப்புப் பெட்டி. யாருடைய தொட்டி எந்த வாரத்தில் சாகும் என்று யாருக்கும் தெரியாது. செத்தால், கொடுத்தவர் வந்து கதவைத் தட்டுவார். வாங்கியவர் ஒரு கிளையை வெட்டித் தருவார். அதைத் தர முடியாமல் நிற்பதைவிடப் பெரிய தலைகுனிவு அந்தப் பின்னறையில் கிடையாது.

சிரில் மூன்று பேருக்குக் கிளை கொடுத்திருந்தார். பல்மருத்துவர் ஒருவரிடமிருந்தது வீடு மாறியபோது போயிற்று. மருந்துக்கடை பவ்லாவிடமிருந்தது ஒரு குளிர்கால மின்வெட்டில் போயிற்று. மிஞ்சியது லுத்மிலாவிடம் இருந்தது மட்டும். இன்று முதல், வேறெங்கும் அது இல்லை.

அது நன்றாக இல்லை என்பது அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து செருப்பு மாற்றிக்கொண்டதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் போய் நின்றாள். தொண்ணூறு லிட்டர்த் தொட்டி. குடியிருப்பின் நான்காவது மாடி வரவேற்பறையில், புத்தக அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே அளவெடுத்துப் பொருத்தியது. கண்ணாடியில் ஒரு புள்ளி பாசி கிடையாது. நீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. உள்ளே ஒரே ஒரு சிறு மண்மீன். மீன் கூடினால் கழிவு கூடும் என்பதால் அவள் இரண்டாவதை வாங்கியதே இல்லை. நடுப்பாறையின் உச்சியில் ஏழாம் நம்பர். ஐந்து கிளைகள். பச்சை எப்போதோ போய்விட்டிருந்தது. பாலில் ஒரு துளி தேநீர் விட்டதுபோல ஒரு நிறம். நுனிகளில் சிவப்பு இருந்த இடத்தில் வெறும் வெண்மை. பாலிப்புகள் எனப்படும் சிறு வாய்கள், நல்ல நாட்களில் பூந்துடைப்பம்போல விரிந்திருப்பவை, உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தன. கீழே மணல்மீது பழுப்புநிறக் கோழைப் படலம் ஒன்று, குமிழிகளோடு. அதை அவள் நேற்றுத்தான் உறிஞ்சி எடுத்திருந்தாள். முந்தாநாளும் எடுத்திருந்தாள்.

"வந்துட்டியா?" என்று சமையலறையிலிருந்து வந்தான் கணவன் லூபோஷ். பள்ளிக்கூடம் ஒன்றின் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவன்; கையில் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் சாலட். "இதான் இன்னிக்கும் என் விருந்தா?"

"கொழுப்பு ஆறு புள்ளி எட்டு, அஞ்சு தாண்டக்கூடாது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரு. நீ பூஜ்யத்துக்குக் கொண்டுபோகப் பாக்கற." அவன் அவளருகே வந்து குனிந்து தொட்டிக்குள் பார்த்தான். மண்மீன் கல்லின் இடுக்கிலிருந்து தலையை நீட்டி அவனைப் பார்த்தது. "இவனப் பாரு. அப்படியே என்னமாதிரியே பாக்கறான். பாவம், இவனுக்கும் சாலட்தான் போல."

அவள் சிரிக்கவில்லை. சோதனைக் குப்பிகளை எடுத்து வந்து நைட்ரேட் பார்த்தாள், பூஜ்யம். பாஸ்பேட் பார்த்தாள், பூஜ்யம். இந்த இரண்டு பூஜ்யங்களுக்காக அவள் ஓராண்டு உழைத்திருந்தாள். கைக்குழந்தை குடிக்கும் நீரில் நைட்ரேட் என்ன செய்யும் என்பதை ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் எதிரியின் பெயராகவே அவள் வாயில் வாழ்ந்தது. வீட்டுத் தொட்டியிலும் அதை விரட்டினாள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியை இரவும் பகலும் ஓடவிட்டாள். பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறக் குருணையை ஒரு பைநிறைய வடிகட்டியில் போட்டாள். பிப்ரவரியில் இரண்டும் பூஜ்யத்தைத் தொட்டன. அளவுகளையும் செய்முறையையும் எழுதிய தாளை அவள் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது, அதைப் பின்னறைச் சுவரில் குத்திவைத்தார்கள். சிரில் பீர்க் குவளையை உயர்த்தி, "லேபம்மா தொட்டியில கண் ஆபரேஷனே பண்ணலாம்!" என்று கத்தினார். எல்லோரும் குவளைகளை மோதிக்கொண்டார்கள். சிலர் அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டார்கள்.

குறிப்பேட்டை அவள் திறந்தது பழக்கத்தால்தான். இன்றைய பூஜ்யங்களை எழுதுவதற்கு. இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் கண்ணால் கண்டவை. நான்கு மாதமாக அவள் இடப்பக்கத்தை மட்டுமே படித்துவந்திருந்தாள். இன்று, சனிக்கிழமை வரப்போகிறவரின் கண்ணால் வலப்பக்கத்தை முதலிலிருந்து படித்தாள்.

பிப்ரவரி ஒன்பது: நிறம் இலேசாகியிருக்கிறது, அழகு. மார்ச் இரண்டு: இன்னும் இலேசு, இளஞ்சாயம்போல. மார்ச் இருபது: நுனி வளரவில்லை. ஏப்ரல் ஆறு: மணலில் பழுப்புப் படலம், சுத்தம் செய்தேன். ஏப்ரல் பதினெட்டு: படலம் மீண்டும், குருணையை இரட்டிப்பாக்கினேன். மே மூன்று: வாய்கள் பகலில் திறப்பதில்லை.

அவள் விரலை எடுத்து இடப்பக்கத்துக்கு வந்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"லூபோஷ்" என்றாள் மெல்ல. "இது அழுக்கால சாகல. பசியால சாகுது."

"எது, நானா?"

"பவளம். தின்ன ஒண்ணுமில்ல அதுக்கு. தண்ணியில எதுவுமே இல்ல. நாந்தான் எடுத்துட்டேன்."

அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் கோட்டைக் கழற்ற உதவினான்.

அன்று மாலையே குருணைப் பையை எடுத்துவிட்டாள். நுரைக்கருவியைப் பகலில் நிறுத்தினாள். நகரின் மறுகோடியிலிருக்கும் மீன்கடையில் நைட்ரேட் கரைசல் ஒரு புட்டியும் பாஸ்பேட் கரைசல் ஒரு புட்டியும் வாங்கிவந்தாள். இருபத்தாறு ஆண்டு ஒருவர் வீட்டுக்கும் வரவிடாமல் காவல்காத்த பொருளைத் தன் கையாலேயே தன் வீட்டு நீரில் ஊற்ற வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் தடவை ஊற்றுமுன் அளவுக் கோட்டை மூன்று முறை சரிபார்த்தாள். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்பது கணக்கு. சனிக்கிழமை பார்த்தபோது அதில் பாதிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம். பட்டினி கிடந்த தொட்டி, கொடுத்ததை எல்லாம் தட்டோடு நக்கிவிட்டிருந்தது. பாஸ்பேட்டோ ஒருநாள்கூடத் தலைகாட்டவில்லை. பாஸ்பேட் வற்றிப்போயிருந்த பாறைகள் முதலில் தம் பங்கை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

இன்னும் ஆறு நாள். ஐந்து நாள். வேலைக்குப் போகும் வழியில் டிராமில் ஏறும்போதெல்லாம் ஓட்டுகிறவர் சிரிலாக இருந்துவிடக்கூடாதே என்று முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தபிறகே ஏறினாள். செவ்வாய்க்கிழமை ஐந்து கிளைகளில் ஒன்றின் அடியில் ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. நகத்தின் அகலம்கூட இல்லை. அன்று மாலை அது இரண்டு நகமாயிற்று. புதன் காலை அந்தக் கிளை முழுவதும் தோலுரிந்து வெறும் எலும்பாக நின்றது.

அவள் அதற்கப்புறம் செய்தது, ஆய்வகத்தில் யாரேனும் செய்திருந்தால் அவளே கண்டித்திருக்கக்கூடிய காரியம். குளோரினை ஒரே வீச்சில் ஏற்றாதே, படிப்படியாக ஏற்று என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள், பாஸ்பேட் புட்டியைச் சாய்த்து மூன்று மடங்கு ஊற்றினாள். மூன்று நாளில் அந்தச் சிவப்பு நுனியில் ஒரு புள்ளியாவது திரும்ப வேண்டும் என்ற எண்ணம் ஒன்றைத் தவிர அவள் தலையில் வேறொன்றும் அப்போது இல்லை. வியாழக்கிழமை காலை இரண்டாவது கிளையின் தோல் வெந்த உருளைக்கிழங்கின் தோல்போலக் கழன்று நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கிளையின் நிலையைச் சொல்ல முடியவில்லை.

"போதும்" என்றான் லூபோஷ். அவள் கையிலிருந்த புட்டியை வாங்கி மூடினான். "நீ ஒண்ணும் பண்ணாத. ஃபோன் பண்ணு. அவர்கிட்ட சொல்லு."

"என்னன்னு சொல்றது? எட்டு வருஷம் வளர்த்ததக் குடுத்தாரு, நான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்னா?"

"அப்படித்தான். இல்லேன்னா சனிக்கிழமை அவரே பாப்பாரு, அப்ப நீ வாயத் திறக்கவே வேணாம்."

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அவள் ஆய்வகத்தின் பின்புறம், மொராவா ஆற்றுப் பக்கமாக இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன, கேக் கருகிருச்சா?"

"இல்ல. சிரில், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"சர்க்கரை கம்மியா போடு. என் பொண்டாட்டி மோப்பம் பிடிச்சுருவா."

"சிரில்."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு. நேர்ல பேசிக்கலாம், இங்க சிவப்பு விளக்கு மாறிருச்சு" என்றார் அவர். ஓட்டும்போது எடுத்திருக்கிறார் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பித்துவிட்ட நிம்மதியும் நாளை அது இரண்டு மடங்காகத் திரும்பும் என்ற கலக்கமுமாக, இடைவேளை முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

சனிக்கிழமை கசகசா கேக் நன்றாக வந்திருந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. சிரில் விசேஷ நாள் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையில், கைக்குட்டையில் சுற்றிய பவளம் வெட்டும் கத்தரி. மறுகையில், புளித்த முட்டைக்கோஸ் வாங்கிய ஒரு வெள்ளை வாளி, மூடியோடு. வாளியைப் பக்குவமாகத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இரண்டாவதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது லுத்மிலா சொன்னாள்:

"வெட்ட முடியாது, சிரில்."

அவர் குனிந்தபடியே நின்றார்.

"ரெண்டு கிளை செத்திருச்சு. மூணாவது தெரியல. மிச்சம் ரெண்டையும் இப்ப வெட்டினா அந்தக் காயத்துலயே போயிரும். அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னேன். பொய். அன்னிக்கே நல்லா இல்ல. தண்ணிய நான் காலி பண்ணிட்டேன். அதுக்குத் தின்ன ஒண்ணும் வைக்கல." மூச்சு வாங்கினாள். "உங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல."

சிரில் இரண்டாவது ஷூவையும் கழற்றி, இரண்டையும் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தார். லூபோஷ் நீட்டிய வீட்டுச்செருப்பில் காலை நுழைத்தார். வரவேற்பறைக்குப் போய், கோட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தொட்டியின் முன் மண்டியிட்டார். நெடுநேரம் பார்த்தார். லுத்மிலாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டிக் கண்ணாடியில் தெரிந்த அவர் நிழலை, அதன் வழியே தெரிந்த வெளிறிய ஐந்து கிளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர், திரும்பாமல்.

"எப்படி?"

"எட்டு வருஷமா உன்கிட்ட பேசறேன். எப்ப எதக் கேட்டாலும் நீ நம்பர்தான் சொல்லுவ. உன் பொண்ணுக்குக் குழந்தை பிறந்துச்சே, பையனா பொண்ணான்னு சொல்றதுக்கு முன்னாடி எத்தன கிராம்னு சொன்னவ நீ. அன்னிக்கு நான் கேட்டப்ப நல்லா இருக்குன்னு மட்டும் சொன்ன. நம்பர் வரல." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்த வாளியக் கொண்டா."

லூபோஷ் கொண்டுவந்தான். சிரில் மூடியைத் திறந்தார். உள்ளே, ஒரு கல்துண்டின் மேல் உரசிக்கொண்டு, இரண்டு கோமாளிமீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. கொழுத்த மீன்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையோடு. லுத்மிலாவுக்கு அவற்றைத் தெரியும். சிரில் வீட்டுத் தொட்டியில் ஆறு ஆண்டாக இருந்த ஜோடி.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"தண்ணி வெந்துருச்சுன்னு சொன்னீங்களே. சூப்பு வாசனைன்னு."

"சொன்னேன்."

"வெந்த தண்ணியில மீன் எப்படி…"

"ஹீட்டருக்கு ஒண்ணுமில்ல" என்றார் சிரில். "குடிலுக்குப் போனோம், அது நிஜம். மூணு நாள்ல பவளமெல்லாம் செத்துச்சு, அதுவும் நிஜம். ஆனா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாம் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. உன் தாளோட படம் என் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, லேபம்மா. நீ போட்ட குருணை, நீ போட்ட அளவு, அப்படியே நானூறு லிட்டருக்குப் பெருக்கிப் போட்டேன். மீனுக்குத் தீனியையும் பாதியாக்கினேன். மார்ச்சுல எனக்கும் பூஜ்யம் வந்துச்சு. என் பொண்டாட்டிக்குக்கூடக் காட்டினேன்."

லுத்மிலா வாளியின் மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் ஹீட்டருன்னு சொன்னீங்க?"

"உன் தாளப் பாத்துச் செத்துச்சுன்னு சங்கத்துல சொல்லணும்னா, கூடவே இன்னொண்ணும் சொல்லணும். நாப்பது வருஷமா மீன் வளர்க்கறவன், கண்ணு முன்னாடி வெளுத்துக்கிட்டு இருந்தத அழகுன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்னு சொல்லணும். அதுதான் வாயில வரல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஹீட்டர்னா யாரும் திட்டமாட்டாங்க. ஹீட்டர் எல்லாருக்கும் கெடும்."

"அதான் எனக்கும்" என்றாள் அவள். "அழகுன்னு எழுதி வச்சிருக்கேன். தேதி போட்டு."

"காட்டு."

அவள் குறிப்பேட்டைக் காட்டினாள். அவர் வலப்பக்கத்தைப் படித்தார். புதன்கிழமை மூன்று மடங்கு ஊற்றியதை அவள் மறைக்காமல் எழுதியிருந்தாள். அந்த வரியில் அவர் உச்சுக்கொட்டினார்.

"புட்டியில இருந்து ஊத்தாத. பட்டினி கிடந்தவன் வாயில அண்டாவக் கவுத்தா என்ன ஆகும்? மீன் திங்கட்டும். மீன் போடற எருவு சன்னமா வரும், நாள் முழுக்க வரும். அதுக்குத்தான் இவங்களக் கொண்டாந்தேன். என் வீட்டுல இப்ப இவங்க எருவ வாங்கிக்க ஒரு பவளமும் இல்ல."

"ஒரே மீன்தான் வச்சிருக்கேன், நீர் கெட்டுருமேன்னு…"

"கெடட்டும்" என்றார் சிரில். "கொஞ்சம் கெடட்டும்."

வாளி நீரோடு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணிநேரம் காத்திருந்து, மீன்களை உள்ளே விட்டார்கள். அந்த ஒரு மணிநேரத்தில் மூவரும் கேக்கில் பாதியைத் தின்றார்கள். லூபோஷ் இரண்டு துண்டு தின்றதை லுத்மிலா பார்த்தும் பார்க்காதவள்போல இருந்தாள். உறைந்த இறால்குஞ்சுக் கட்டியைச் சிரில் நீரில் கரைத்துக் கொட்டியபோது அவள் கை தன்னையறியாமல் நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அவ்வளவு கொட்டினார்.

"கண்ண மூடிக்கோ" என்றார்.

அவள் மூடிக்கொள்ளவில்லை. மண்மீன் தன் இடுக்கிலிருந்து, இதுவரை அவள் கண்டிராத வேகத்தில் பாய்ந்து வந்ததைப் பார்த்தாள்.

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டாள்: "பிப்ரவரியில அந்தத் தாள எத்தன பேர் படம் எடுத்தாங்க?"

சிரில் யோசித்தார். "ஏழெட்டுப் பேர் இருக்கும்." பிறகு கைக்குட்டைப் பொட்டலத்தை செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். "கத்தரி இங்கயே இருக்கட்டும். வெட்டற நாள நீ சொல்லு."

ஜூன் முதல் வியாழக்கிழமை அவள் பின்னறைக்குள் நுழைந்தபோது பழைய தாள் இன்னும் சுவரில்தான் இருந்தது. அதன் வலப்புறத்தில், அதே அளவுத் தாளில், பிப்ரவரியிலிருந்து தேதி போட்டு, கண்ணால் கண்டவற்றை எழுதிக் குத்தினாள். எழுந்து விளக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தாள், தேவைப்படவில்லை. மருந்துக்கடை பவ்லா அருகே வந்து இரண்டு தாள்களையும் வரிவரியாகப் படித்தாள். "ஏப்ரல் ஆறு" என்று சொல்லி நிறுத்தினாள். "எனக்கு அந்தப் பழுப்புப் படலம் ஏப்ரல் பத்து. யார்கிட்டயும் சொல்லல." கடைசி மேசையிலிருந்து இன்னொருவர், "எனக்கு மார்ச்" என்றார். அதற்குப் பிறகு அன்று யாரும் குவளை மோதவில்லை. சிரில் எழுந்து நின்று, தன் ஹீட்டர் நல்ல நிலையில் இருப்பதாகவும் யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மூன்றாவது கிளை அந்த மாதமே போயிற்று. கண்ணாடியில் பச்சைப்பாசி படியத் தொடங்கியது; ஒவ்வொரு காலையும் அவள் கை துடைப்பானை நோக்கிப் போகும், பாதிவழியில் நிற்கும். நைட்ரேட் ஒன்றைத் தொட்டு இறங்கியது, இரண்டைத் தொட்டு இறங்கியது. ஜூலையில் ஒருநாள் ஐந்து வரை ஏறிவிட, ஆய்வகத்தில் அபாயமணி அடித்ததுபோல அவளுக்கு இருந்தது. தீனியை ஒரு சிட்டிகை மட்டும் குறைத்துவிட்டு, வேறெதையும் தொடாமல், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். அது தானே இறங்கிற்று. பழுப்புப் படலம் எப்போது மறைந்தது என்று அவளுக்கு நினைவில்லை. வலப்பக்கத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டாள். ஆகஸ்டில் நான்காவது கிளையின் அடித்தண்டில் ஒரு பச்சைக்கறை தென்பட்டது. பாசியோ என்று உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். பாசியில்லை.

செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை காபிக்கு முன், ஐந்தாவது கிளையின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. சுற்றிலும் எல்லா வாய்களும் விரிந்து நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. அவள் குப்பிகளை எடுத்து இரண்டு சோதனைகளையும் செய்தாள். நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். கைபேசியை எடுத்து அழைத்தாள்.

"ம்?" என்றார் சிரில், தூக்கக் குரலில்.

"நைட்ரேட் நாலு" என்றாள் லுத்மிலா. "பாஸ்பேட் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. செருப்பு அலமாரி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஷூ மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.